உங்களுக்குத் தெரியுமா? கருமணல் முதல் முனைவர் பட்டம் வரை

டைட்டானியம் என்றதும் விமானம், ராக்கெட், மூட்டு மாற்று சிகிச்சை எல்லாம் நினைவுக்கு வரும். அதன் மூல மணல் நம் தென்கரையில் கிடக்கிறது. அந்த உலோகத்தைத் தூளாக்கி, தூளிலிருந்து பாகம் செய்யும் ஆராய்ச்சிக்கு வேண்டிய அறிவும் பட்டறைகளும் திருச்சியைச் சுற்றியே இருக்கின்றன. இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகளுக்கும், அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இந்தத் துணுக்குகள்.

கறுப்பு மணல்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்புக்குக் காரணம் இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம் இது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கரையின் கனிம வளம் உலகுக்குத் தெரிந்தது. இன்று மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இங்கே இல்மனைட்டைப் பிரித்தெடுக்கிறது.

பெயிண்டுக்குப் போவதே அதிகம்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீட்டுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தால், அந்த வெண்மையைத் தருவது பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடுதான். பற்பசை, காகிதம், பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் அது உண்டு. உலகில் தோண்டி எடுக்கும் டைட்டானியத் தாதுவில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படி வெள்ளை நிறமியாகவே செலவாகிறது. உலோகமாக மாறுவது மிகச் சிறு பங்கு. பூமியின் மேலோட்டில் அதிகம் கிடைக்கும் தனிமங்களில் டைட்டானியத்துக்கு 9ஆவது இடம். அப்படியிருந்தும் உலோகமாக அது அரிய பொருளாகவே இருப்பதற்குக் காரணம், பிரித்தெடுக்கும் வேலையின் கடுமை.

80 ஆண்டுகளைத் தாண்டிய முறை

லக்ஸம்பர்க் நாட்டு உலோகவியலாளர் வில்லியம் குரோல் 1940இல் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றும் உலகெங்கும் ஆள்கிறது. தாதுவை முதலில் டைட்டானியம் டெட்ரா குளோரைடு என்ற திரவமாக்குவார்கள். அதை 800 டிகிரிக்கு மேல் உருகிய மக்னீசியத்தோடு வினைபுரிய விட்டால் துளைகள் நிறைந்த சாம்பல் நிறக் கட்டி கிடைக்கும். அதுதான் டைட்டானியம் ஸ்பாஞ்ச். தொடர் ஓட்டமாகச் செய்ய முடியாது; ஒவ்வொரு கலமும் நாள்கணக்கில் சூடாகி, ஆறி, பிறகு உடைபட வேண்டும். கேரளத்தின் சவறாவில் கே.எம்.எம்.எல். நிறுவன வளாகத்தில் ஆண்டுக்கு 500 டன் தயாரிக்கும் ஸ்பாஞ்ச் ஆலை 2011இல் தொடங்கியது. இஸ்ரோ பணம் கொடுத்தது. ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் தொழில்நுட்பம் கொடுத்தது.

காரைக்குடிக்கும் இதில் பங்குண்டு

குரோல் முறையில் மிஞ்சுவது மக்னீசியம் குளோரைடு. அதை உருக்கி மின்சாரம் பாய்ச்சினால் மக்னீசியமும் குளோரினும் திரும்பக் கிடைக்கும். இரண்டுமே அடுத்த சுற்றுக்கு ஆகும். இப்படி மின்வேதி வழியில் மக்னீசியம் எடுக்கும் தொழில்நுட்பத்தில் நெடுங்காலம் உழைத்த நிறுவனம், காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். திருச்சியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். ஒரு உலோகத்தை ஆராய வருபவருக்கு அதன் பிறப்பையும் பக்கத்திலேயே கற்க இடம் இருக்கிறது.

10 கிலோ வாங்கி 9 கிலோ சீவுவது

விமானப் பாகங்களில் சில இடங்களில் 1 கிலோ பாகம் செய்ய 10 கிலோ டைட்டானியக் கட்டி வாங்குவார்கள். மீதி 9 கிலோ சீவலாகக் கழியும். அதுவும் சுலபமாகக் கழியாது. டைட்டானியம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாததால் சூடெல்லாம் வெட்டும் முனையிலேயே தங்கி, கருவி சீக்கிரம் மழுங்கிவிடும். தேவையான வடிவத்துக்கு நெருக்கமாகத் தூளிலிருந்தே பாகம் செய்துவிட்டால் இந்த விரயம் குறையும். தூள் உலோகவியலில் இத்தனை பேர் டைட்டானியத்தைத் துரத்துவது இதற்காகத்தான்.

உருக்காமலே ஒட்டுவது

புட்டுக்குழலில் அடைத்த மாவு, உருகாமலே வெந்து ஒன்றாக நிற்கிறது. தூள் உலோகவியலும் ஏறக்குறைய இதே வேலைதான். உலோகத் தூளை எஃகு அச்சில் இட்டு அழுத்துவார்கள். பிறகு உருகுநிலைக்குக் கீழே பல மணி நேரம் சூடாக்குவார்கள். இதற்கு சிண்டரிங் என்று பெயர். டைட்டானியம் 1,668 டிகிரியில் உருகும். சிண்டரிங் பெரும்பாலும் 1,200 முதல் 1,350 டிகிரிக்குள் முடிந்துவிடும். துகள்கள் தொடும் இடங்களில் அணுக்கள் நகர்ந்து கழுத்துப்போல் இணைந்து, இடைவெளிகள் மெல்ல மெல்லச் சுருங்கும்.

திருச்சிக்கு இது புதிதல்ல

திருச்சியில் கன உலோகத் துளைப்பான் திட்டம் என்ற பாதுகாப்புத் துறை ஆலை இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ‘ஹாப்’. டாங்கிக் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் கலப்புலோகத் தண்டுகளை இங்கே தூள் உலோகவியல் முறையில் செய்கிறார்கள். டங்ஸ்டன் உருகுநிலை 3,422 டிகிரி. உருக்கி வார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால் தூள்வழியே வழி. தூளைக் கையாளுவது, அழுத்துவது, சிண்டர் செய்வது என்ற கைத்திறன் இந்த ஊரில் பல காலமாகவே வேரூன்றியிருக்கிறது.

டங்ஸ்டனில் சுலபம், டைட்டானியத்தில் கடினம்

டங்ஸ்டன் தூளில் ஆக்சைடு படிந்தால் ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கி அதை நீக்கிவிடலாம். டைட்டானியத்தில் அது நடக்காது. சூடேறும்போது மேற்பரப்பு ஆக்சைடு உலோகத்துக்குள்ளேயே கரைந்துவிடும்; நுழைந்த ஆக்சிஜனை வெளியே எடுப்பது பெரும்பாடு. அதிகம் பயன்படும் கலப்புலோகம், 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்தது. அதில் ஆக்சிஜனுக்கான உச்ச வரம்பு 0.20 சதவீதம். உடலுக்குள் வைக்கும் உயர் தரத்துக்கு 0.13. வரம்பைத் தாண்டினால் உலோகம் வலுக்கூடும், ஆனால் இழுபடாமல் முறிந்துபோகும். தூள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு மேற்பரப்பு, அவ்வளவு ஆக்சிஜன். இந்தத் துறையின் பாதி ஆய்வுகள் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே சுழல்கின்றன.

ஹைட்ரஜன் செய்யும் உதவி

டைட்டானியத்தை இடித்துத் தூளாக்க முடியாது, வளைந்து கொடுக்கும். ஆனால் ஹைட்ரஜனில் சூடாக்கினால் எடையில் சுமார் 4 சதவீதம் ஹைட்ரஜனை உறிஞ்சி, நொறுங்கும் பொருளாகிவிடும். அதை அரைத்துத் தூளாக்கி, வெற்றிடத்தில் 600, 700 டிகிரிக்குச் சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறி டைட்டானியத் தூள் மிஞ்சும். மலிவான முறை இது. ஹைட்ரைடுத் தூளையே நேரடியாக அச்சில் அழுத்தி, ஹைட்ரஜனை நீக்குவதையும் சிண்டரிங்கையும் ஒரே சூளையில் முடிப்பவர்களும் உண்டு. லேத்தில் விழும் டைட்டானியச் சீவலையும் இதே வழியில் தூளாக்கலாம். கரையை மேலும் தோண்டாமல், கழிவிலிருந்தே தூள் எடுக்கும் இந்த ஆய்வு கடலோர மக்களுக்கும் நல்லது.

50 கிராம், ஒரு சிறு புனல்

தூள் ஆய்வகத்துக்குள் புதிதாக நுழையும் மாணவர் முதலில் தொடும் கருவிகளில் ஒன்று, ஹால் புனல். அடியில் 2.5 மில்லிமீட்டர் துளை. துளையை விரலால் அடைத்து 50 கிராம் தூளை இடுவார்கள். விரலை எடுத்ததும் ஸ்டாப்வாட்ச் ஓடும். உருண்டைத் துகள்கள் சரசரவென்று வழிந்துவிடும். ஹைட்ரைடு முறையில் செய்த கோணல்மாணலான தூள் பல நேரம் நகரவே நகராது; புனலைத் தட்டினால்தான் இறங்கும். இது சிறு சோதனைதான். ஆனால் தூள் அச்சை ஒரே சீராக நிரப்புமா, 3டி அச்சு இயந்திரத்தில் மெல்லிய படலமாகப் பரவுமா என்பதற்கு முதல் பதில் இங்கேதான் கிடைக்கிறது. 3டி அச்சுக்கான லேசர் இயந்திரங்களில் பொதுவாக 15 முதல் 45 மைக்ரான் வரையுள்ள உருண்டைத் தூளையே கேட்கிறார்கள். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது.

நிறமே சொல்லிவிடும்

அச்சிலிருந்து வெளிவரும் வில்லை கையில் நிற்கும், ஆனால் விளிம்பில் விரல் அழுத்தினால் பொடிந்துவிடும். அதை வெற்றிடச் சூளையில் வைத்து மறுநாள் திறக்கும்போது முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். பளிச்சென்ற வெள்ளி நிறம் என்றால் நல்லது. வைக்கோல் மஞ்சளோ நீலமோ தெரிந்தால் எங்கோ காற்று கசிந்திருக்கிறது. வெண்சாம்பல் பொடி படிந்திருந்தால் மாதிரியை ஒதுக்கிவிட்டு, சூளையின் ரப்பர் வளையத்திலிருந்து சோதனையைத் தொடங்க வேண்டியதுதான். டைட்டானியத்தை வெல்டு செய்பவர்களும் இதே நிற வரிசையைத்தான் பார்க்கிறார்கள்.

தண்ணீர் ஊற்றக் கூடாத நெருப்பு

நுண்ணிய டைட்டானியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் உதவாது. நைட்ரஜனிலேயே எரியும் உலோகம் இது. உலர் மணலும் உலோகத் தீக்கான சிறப்புத் தூளும்தான் கைகொடுக்கும். வாண வேடிக்கையில் வெள்ளிப் பொறிகளுக்கு டைட்டானியத் தூள் சேர்ப்பதும் இந்த எரியும் குணத்துக்காகவே. அதனால் நல்ல ஆய்வகத்தில் தூளை ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் வைத்துத்தான் எடை போடுவார்கள். சேருமுன் ஆய்வகத்தைப் பார்க்கப் போகிறவர்கள், பாதுகாப்பு ஏற்பாடு எப்படி என்று தயங்காமல் கேளுங்கள்.

எலும்புக்காக உப்பு

1952இல் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவி எலும்போடு பிணைந்து கழற்ற முடியாமல் போனதைக் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியப் பல்வேர் பொருத்தப்பட்டது. ஆனால் ஒரு சிக்கல் இன்றும் உண்டு. எலும்பின் விறைப்பு 10 முதல் 30 கிகாபாஸ்கல். டைட்டானியத்துக்குச் சுமார் 110. விறைப்பான உலோகமே சுமை முழுவதையும் தாங்கிவிட்டால், வேலையில்லாத எலும்பு மெலியத் தொடங்கும். இதற்குத் தூள்வழியில் அழகான தீர்வு ஒன்று உண்டு. தூளோடு உப்புப் பரல்களைக் கலந்து அழுத்தி, பிறகு தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டுச் சிண்டர் செய்தால் துளைகளோடு கூடிய டைட்டானியம் கிடைக்கும். விறைப்பும் குறையும், துளைகளுக்குள் எலும்பும் வளரும். துளை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது இன்றும் பலரின் ஆய்வுத் தலைப்பு.

திருவானைக்காவலில் பிறந்தவரின் ஒளி

ஸ்ரீரங்கம் தீவின் திருவானைக்காவலில் 7.11.1888 அன்று பிறந்தவர் சி.வி. ராமன். 1928இல் அவர் கண்ட விளைவு இன்று உலகின் பெரும்பாலான பொருளறிவியல் ஆய்வகங்களில் ஒரு கருவியாக நிற்கிறது. டைட்டானியத்தின் மேல் படிந்த ஆக்சைடு அனடேஸா, ரூட்டைலா என்று அறிய லேசர் ஒளியைப் பாய்ச்சி ராமன் நிறமாலை எடுக்கிறார்கள். அனடேஸ் 144 என்ற எண்ணருகே கூர்மையான சிகரம் காட்டும். ரூட்டைல் 447க்கும் 612க்கும் அருகே காட்டும். சில நிமிட வேலை.

ஆழ்கடலும் அமிலமும்

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000, மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய கலம். அவர்கள் அமரும் கோளம் 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட டைட்டானியக் கலப்புலோகம். கல்பாக்கத்திலோ, அணு எரிபொருளை மறுசுழற்சி செய்யும் கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தைத் தாங்க டைட்டானியக் கலப்புலோகங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். இஸ்ரோவின் செயற்கைக்கோள் எரிபொருள் தொட்டிகளும் டைட்டானியம்தான். படித்த படிப்புக்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே வேலை இருக்கிறது என்பதற்கு இவை சான்று.

துவாக்குடியில் ஓர் உலோகவியல் துறை

1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்தது திருச்சி என்.ஐ.டி. தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில் 800 ஏக்கர் வளாகம். உலோகவியல், பொருளறிவியல் பொறியியலுக்கு இங்கே தனித் துறையே உண்டு, பி.டெக். முதல் பிஎச்.டி. வரை படிக்கலாம். பிஎச்.டி. சேர்க்கை பொதுவாக ஜூலை, ஜனவரி என ஆண்டுக்கு இரு பருவங்களில் நடக்கிறது. டைட்டானியத் தூள் என்ற பெயரில் தனிப் படிப்பு கிடையாது. நெறியாளரின் ஆர்வமும் உங்கள் கேள்வியும் சந்திக்கும் இடத்தில்தான் தலைப்பு பிறக்கும்.

வேலையிலிருந்துகொண்டே

திருவெறும்பூரில் பெல் நிறுவனமும், அதன் வளாகத்தில் 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. சுற்றிலும் அதை நம்பி வளர்ந்த பேப்ரிகேஷன் பட்டறைகள். 20.1.2019 அன்று தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கிவைக்கப்பட்டதும் திருச்சியில்தான். சென்னை, ஓசூர், சேலம், கோவையோடு திருச்சியும் அதன் 5 மையங்களில் ஒன்று. தொழிற்சாலைப் பொறியாளர்கள் பணியில் இருந்தபடியே பகுதி நேர ஆய்வாளராகச் சேரும் வழி என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் இருக்கிறது. பட்டறையில் தினமும் கண்ணில் படும் சிக்கலே ஆய்வுக் கேள்வியாக மாறினால் இருபக்கமும் லாபம்.

யார் சேரலாம்?

உலோகவியல், பொருளறிவியல், மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் பிரிவுகளில் எம்.இ. அல்லது எம்.டெக். முடித்தவர்களுக்கு நேர்வழி. இயற்பியல், வேதியியல், பொருளறிவியல் எம்.எஸ்சி. படித்தவர்களுக்கும் பல இடங்களில் கதவு திறந்திருக்கிறது. கேட் அல்லது நெட் தேர்வில் தேர்ச்சி கேட்பார்கள். மெட்டலர்ஜி கேட் தாள் 3 மணி நேரம், 100 மதிப்பெண். மதிப்பெண் அட்டை 3 ஆண்டுகளுக்குச் செல்லும். கிராமத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்த பிள்ளை எம்.எஸ்சி., நெட் என்று ஏறி இந்த ஆய்வகத்தை அடைய முடியும். வழி நீளம்தான், மூடியது அல்ல.

மாதம் எவ்வளவு?

மத்திய அரசு 1.1.2023 முதல் உயர்த்தியபடி இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். 2 ஆண்டுகளுக்குப் பிறகு முதுநிலை ஆய்வாளராக 42,000 ரூபாய். விதிப்படி வீட்டு வாடகைப் படியும் உண்டு. பிஎச்.டி. என்றால் வீட்டிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்று நினைத்துப் பல பெற்றோர் தடுக்கிறார்கள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் பிள்ளை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பதிலுக்குக் காத்திருக்கும் கேள்விகள்

விலையுயர்ந்த வனேடியத்துக்குப் பதில் மலிவான இரும்பைச் சேர்த்தால் வலு எவ்வளவு நிற்கும்? சிண்டரிங்கில் மிஞ்சும் சில சதவீதத் துளைகள், திரும்பத் திரும்ப வரும் சுமையில் விரிசலுக்கு வாசலாகின்றன. சூடும் வாயு அழுத்தமும் சேர்ந்த விலையுயர்ந்த முறை இல்லாமல் அவற்றை மூட முடியுமா? பலமுறை பயன்படுத்திய 3டி அச்சுத் தூளை எத்தனை தடவை வரை நம்பலாம்? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் ஹைட்ரஜன் சூழலில் சிண்டர் செய்யும் முறையையும், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் மின்னோட்டத்தால் விரைவாகச் சிண்டர் செய்து பின் அடித்து வடிக்கும் முறையையும் முன்னெடுக்கின்றன. ஐதராபாத்தில் தூள் உலோகவியலுக்கென்றே ஏ.ஆர்.சி.ஐ. என்ற மத்திய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மணல் நம்முடையது, அதை மலிவான பாகமாக்கும் வித்தையும் நம் பிள்ளைகளுடையதாக வேண்டும் என்பதே என் ஆசை. அது வெளிநாட்டு இயந்திரத்தை வாங்கி வைப்பதால் வராது. ஒவ்வொரு ஆய்வாளராக 4, 5 ஆண்டுகள் சூளையருகே நின்றால்தான் வரும்.

இந்த வாரமே தொடங்கலாம்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். டைட்டானியம், சிண்டரிங் என்று தேடி ஓர் ஆய்வேட்டை எடுங்கள். முதலில் கடைசி அத்தியாயத்தைப் படியுங்கள். இனி என்ன செய்ய வேண்டும் என்று ஆய்வாளர்கள் அங்கேதான் எழுதிவைப்பார்கள். அதில் உங்களை உறுத்தும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு நீங்கள் செய்ய நினைக்கும் ஒரு சோதனையையும் அரைப் பக்கத்தில் எழுதி, அந்தத் துறையில் உழைக்கும் பேராசிரியருக்கு அனுப்புங்கள். ‘உங்களிடம் இடம் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்கும் நூறு கடிதங்களுக்கு நடுவே, கேள்வியோடு வரும் கடிதத்தைத்தான் எந்த நெறியாளரும் முதலில் படிப்பார்.